ஏழு ஆணிகளும் ஒரு குட்டி யானையும்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்த எவருக்கும் அந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக்கூடாது சார்." தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அசைவம் சமைக்கலாமா, ராத்திரி கேட்டை எப்போது பூட்டுவார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். ஆணி மாறாது. மடிப்பாக்கத்தில் நானும் மனைவியும் இப்போது இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் ஒப்பந்தத்தில் அது தனி ஷரத்தாகவே டைப் செய்யப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் வழக்கம்போலப் பதினொரு மாதத்துக்கு. ஒரு வருடத்துக்கு மேல் என்று எழுதினால் பழைய பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 2017-இல் தமிழ்நாட்டுக்கென்று புதிய வாடகைச் சட்டம் வந்தது. வேறுமாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. அந்த 'வேறுமாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற இடத்தில்தான் சென்னையின் பாதி ஹவுஸ் ஓனர்கள் குடியிருக்கிறார்கள்.

ஆக, 520 சதுர அடி, பதினொரு மாதம், ஆணி கிடையாது. இதற்குள் ஒரு வீட்டை 'நம்ம வீடு' ஆக்க வேண்டும்.

குடிவந்த முதல் வாரத்தில் நான் செய்த காரியம், சுவர்களில் ஏற்கெனவே எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ணியது. ஏழு. ஹாலில் மூன்று, படுக்கையறையில் இரண்டு, சமையலறையில் ஒன்று, கழிப்பறைக் கதவுக்கு மேலே எதற்கென்றே தெரியாமல் ஒன்று. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள், அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்கள், சட்டத்தை மீறி அடித்துவிட்டுப் போனவை. ஹாலில் ஓர் ஆணி தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பை மாட்டுவதற்கு யாரோ ஒரு குழந்தைக்காக அடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு அலங்காரத்தின் வரைபடம் இந்த ஏழு ஆணிகளால் ஆனது. ஒட்டும் கொக்கிகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சென்னைச் சுவரில் அவை ஒரு மழைக்காலம் தாங்காது. விழும்போது பெயிண்டையும் உரித்துக்கொண்டு விழும், அது அட்வான்ஸில் கழியும்.

இரண்டாவது விதி நாங்களே போட்டுக்கொண்டது. வீட்டில் உள்ள எல்லாச் சாமானும் ஒரே குட்டி யானையில் ஏறிவிட வேண்டும். டாடா ஏஸுக்குத் தமிழ்நாடு வைத்த இந்தப் பெயரைவிட அழகான பெயர் வாகன உலகத்தில் கிடையாது என்பது என் கருத்து. பின்பக்கத் தட்டு ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். கழற்றி மடித்து அதற்குள் அடங்காத எதுவும் எங்களுக்கு வேண்டாம். இன்டீரியர் டிசைன் பற்றி இணையத்தில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. எதிலும் வண்டிச் சத்தத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதிய சாமான்களை ஏன் வாங்கவில்லை என்றால், முதல் காரணம் காசு. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த மேசையைக் கழற்றி, வேறு வீட்டில் மாட்டி, மறுபடி கழற்றினால் ஸ்க்ரூ பிடிக்காது. தேக்கு அப்படியில்லை. ஐம்பது வருடம் கதவாக இருந்த பலகை, இன்னொரு ஐம்பது வருடம் வேறு எதுவாகவும் இருக்கும். தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் ஊரில் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் பஞ்சமில்லை. இடிப்புச் சாமான் விற்கும் மரக்கடைகளில் அவை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். சில கதவுகளில் வீட்டு எண் இன்னும் இருக்கும்.

இரண்டாவது காரணம் பல்லாவரம். வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தை எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரம்தான். விடியற்காலையில் போனால் பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குள் திரும்பிவிடலாம். செடி, கோழிக்குஞ்சு, செத்துப்போன லேப்டாப், ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட், ஒற்றைக்கால் செருப்பு, பழைய நாணயம், பீங்கான் ஜாடி என எல்லாம் தார்ப்பாயில் விரிந்து கிடக்கும். மூர் மார்க்கெட்டைப் பற்றி அப்பா தலைமுறைக்காரர்கள் பேசும்போது கண்ணில் வரும் வெளிச்சம் எனக்குப் பல்லாவரத்தைப் பேசும்போது வருகிறது என்று மனைவி சொல்கிறாள். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது; எனக்கு அதைப் பற்றிக் கேள்வி ஞானம்தான்.

அங்கே போய்ப் போய்ச் சில விஷயங்கள் கண்ணுக்குப் பழகின. பித்தளைக் குழல் வைத்துப் பளபளக்கும் கிராமஃபோன்களில் பெரும்பாலானவை சமீபத்தில் பட்டறையில் ஒட்டவைத்தவை. 'நூறு வருஷத்து நாற்காலி சார்' என்றால் நான் நாற்காலியைக் கவிழ்த்து ஸ்க்ரூவைத்தான் பார்ப்பேன். ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் ஒன்று பிறகு பழுதுபார்த்திருக்கிறார்கள், இல்லை கதை விடுகிறார்கள். பெயிண்ட் அடித்த பழைய மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். குழந்தை இருக்கும் வீடென்றால் அந்தக் கதவையே விட்டுவிடுங்கள். வேறு கதவு கிடைக்கும்.

நான் வாங்கியதிலேயே எனக்குப் பெருமையானது ஒரு தையல் மெஷினின் கால். வார்ப்பிரும்பு, இரண்டு பக்கமும் கொடிபோல் பின்னிய வேலைப்பாடு, கீழே மிதி, ஓரத்தில் பெரிய சக்கரம். சந்தையில் 2,800 ரூபாய். நான்கைந்து போல்ட்டைக் கழற்றினால் தட்டையாகிவிடும், குட்டி யானைக்குத் தோதானது. மரக்கடையில் வாங்கிய தேக்குக் கதவுப் பலகையை அளவுக்கு அறுத்து மேலே வைத்தேன். 80, 120, 220 என்று மூன்று நம்பர் உப்புத்தாள், பிறகு ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு எட்டுப் பூச்சு. அரக்கு என்பது ஒரு பூச்சியின் சுரப்பு. ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். அதனால் கீறல் விழுந்தாலும் முழுதாகச் சுரண்ட வேண்டாம், மேலே தடவினால் போதும். பலகை அறுத்துக் கொடுத்த தச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்காரரு கைக்கு இது பரவால்ல சார்" என்றார். என் கோடுக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாக ரிவ்யூ தந்ததில்லை.

இடையில் காரைக்குடிக்கும் ஒருமுறை போனோம். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள், குறைந்தபட்சம் இன்ஸ்டாகிராமில். பர்மா தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், அரக்குப் பூசிய பர்மியக் கூடைகள், ரவிவர்மா அச்சுப்படங்கள். பர்மாவில் வட்டித்தொழிலில் கொழித்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் கட்டிய வீடுகள், 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்ததோடு தளரத் தொடங்கின. அடுத்த தலைமுறைகளில் பங்கு பிரிக்க ஆள் அதிகமாகி, பராமரிக்க ஆள் குறைந்து, துண்டுதுண்டாகத் தெருவுக்கு வந்தன. நாங்கள் நான்கு ஆத்தங்குடிக் கற்கள் வாங்கினோம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்வது. சூளையில் சுடுவதில்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. தரையில் பதிக்க நமக்கு உரிமை இல்லாததால் சூடான குக்கரை இறக்கி வைக்க உதவுகின்றன.

ஒரு கடையின் உள்ளறையில் சட்டமிட்ட குடும்பப் புகைப்படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆள் ஆளாக, குடும்பம் குடும்பமாக. தலைப்பாகையும் கோட்டும் போட்ட பெரியவர், பக்கத்தில் நகையோடு மனைவி, முன்னால் தரையில் பிள்ளைகள். மனைவிக்கு ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. ஹாலின் நடு ஆணிக்குச் சரியான அளவு. "ஃப்ரேமுக்குத்தான் சார் விலை, போட்டோவுக்கு இல்ல" என்றார் கடைக்காரர்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. என் அப்பாவின் அப்பாவுக்குப் புகைப்படமே கிடையாது. அவர் எப்படி இருப்பார் என்று கேட்டால் அத்தை என் சித்தப்பாவின் காதைக் காட்டுவாள். காது மட்டும் அதே மாதிரியாம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன், ஹாலின் நடுவில் யாரோ ஒருவருடைய தாத்தாவை மாட்டி, வருகிறவர்களிடம் 'சும்மா, விண்டேஜ்' என்று சொல்வதா? ரொம்ப யோசிக்கிறேன் என்றாள் மனைவி. இருக்கலாம். அந்த ஆணியில் இப்போது அரிசிக்கடை தினசரிக் காலண்டர் தொங்குகிறது.

விண்டேஜ் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன? 'பழசு' என்று சொல்லிப் பார்த்தால் நாக்கில் பழையசோறு வருகிறது. 'தொன்மை' என்றால் கீழடிக்குப் போய்விடுகிறது. என் ஊரில் இந்தச் சாமான்களுக்கெல்லாம் ஒரே சொல்தான்: ஓட்டை உடைசல். தெருவில் தள்ளுவண்டிக்காரர் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வருவார். அந்தப் பேரீச்சம்பழத்தின் ருசி எனக்கு நினைவிருக்கிறது. அதற்காக என்ன போனது என்பது நினைவில் இல்லை.

அது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்த வருடம் பொங்கல் முடிந்து வந்தாள். வந்ததும் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். தகர டிரங்குப் பெட்டி, எனாமல் தூக்கு, ஜன்னல் கம்பியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு. விளக்குக்குள் நான் ஒரு மஞ்சள் எல்ஈடி பல்பு வைத்திருந்தேன். சாயங்காலம் போட்டால் படம் எடுக்கச் சொல்லும்.

"என்னப்பா, சந்தையிலயே குடியிருக்க மாதிரி இருக்கு?"

சிரித்தேன். ராத்திரி விளக்கைப் போட்டதும் அம்மா சிரிக்கவில்லை.

"இத எதுக்குத் தொங்கவிட்ட?"

"அழகா இருக்குல்லம்மா."

"சாயங்காலமானா சாம்பல வச்சு இந்தச் சிமினியத் தொடைக்கிறது என் வேல. எட்டு வயசுலருந்து. கை சின்னதா இருக்கிறவதான் உள்ள விட்டுத் தொடைக்க முடியும்னு எங்கிட்டக் குடுத்துட்டாக. ஒருதடவ ஒடஞ்சு இங்க கிழிச்சுருச்சு. சிமினி போச்சேன்னுதான் எங்கய்யா வஞ்சாரு." வலதுகைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காட்டினாள். அந்தத் தழும்பை முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அரிவாள்மணை என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழற்றிவிடவா என்று கேட்டேன். "ஒனக்குப் புடிச்சா இருந்துட்டுப் போகுது" என்றாள். மறுநாள் காலையில் அதைக் கழற்றி லாஃப்டில் வைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இதிலிருந்து 'பழைய பொருள் எல்லாம் பழைய வேதனை' என்று கட்டுரையை முடித்திருக்கலாம். வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் மூன்றாம் நாள் மதியம் நான் அலுவலக அழைப்பில் இருந்தபோது, எதிரில் என் மேசையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசை லேசாக அதிர்ந்தது. குனிந்து பார்த்தால் அவள் கால் மிதியில் இருந்தது. குதிகால், முன்னங்கால், குதிகால். பெல்ட் இல்லாத சக்கரம் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் எட்டாவது படிக்கும் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு மெஷின் இருந்தது. ஜாக்கெட், பாவாடை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். பிறகு ரெடிமேட் வந்தது, அம்மாவுக்கு முதுகுவலி வந்தது, மெஷின் எங்கேயோ போனது. என் பள்ளிக்கூடப் பணத்தில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

அழைப்பு முடிந்ததும் கேட்டாள்.

"மேல இருந்த மெஷின் எங்க?"

"இப்படித்தான்மா விக்கிறாங்க. கால் மட்டும். மேல உள்ளத தனியா எடுத்துருவாங்க."

"தலைய வெட்டிட்டுக் கால மட்டும் வாங்கியாந்துருக்க" என்றாள், அவரைக்காயைப் பார்த்தபடியே.

அதுதான் உண்மை. காபி ஷாப்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கால் போகிறது. தலை காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு பல்லாவரம் போனேன். நான் எப்போதும் கண்ணெடுத்தும் பார்க்காத ஓர் ஓரத்தில், கழற்றிய மெஷின் தலைகள் துணி விரிப்பில் படுத்துக் கிடந்தன. அம்மா குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றின் கைச்சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தாள். ஊசி இறங்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டாள். ஐந்தாவதில் நின்றாள். பேரம் பேசுவதற்கு என்னைப் பேசவே விடவில்லை. 1,400-க்கு முடித்தாள்.

தலை வீட்டுக்கு வந்துவிட்டது. எண்ணெய் விட்டதும் சத்தம் குறைந்திருக்கிறது. அதை உட்கார வைக்கப் பலகையில் 14.5-க்கு 7 அங்குலம் துளை போட வேண்டும். எட்டுப் பூச்சு அரக்கின் நட்டநடுவில், என் லேப்டாப் இருக்கும் இடத்தில். பின்பக்கம் கீல் வைத்தால் வேலையில்லாத நேரத்தில் தலையை உள்ளே மடக்கி மூடிவிடலாம் என்கிறார் தச்சர். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா ஊருக்குப் போகும் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறாள். ஜன்னலுக்குப் பொருத்தமில்லாமல் நீளமாகத் தொங்கும் திரைச்சீலைகளை இரண்டு நாளாக அளந்துகொண்டிருக்கிறாள்.