மேஜை மேல் ஒரு விழுப்புரம் ஜங்ஷன்



பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து, மாடி அறையில் என் ரயிலைப் பார்த்துவிட்டுப் போன பழைய பிளஸ் ஒன் கூட்டத்தில் மூன்று பேர் சொந்தமாகத் தண்டவாளம் வாங்கிவிட்டார்கள். மூவருக்கும் ஒரே கேள்வி. "சார், நேர்ப் பாதையில் நன்றாக ஓடுகிறது. ஜங்ஷனுக்கு வந்தால் நிற்கிறது, இல்லாவிட்டால் கவிழ்கிறது. உங்களுடையது மட்டும் எப்படி?" தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுத்துக்கொண்டீர்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை வரப்போகிறது என்று நான் வேலையில் இருந்தபோதே பேசிக்கொண்டார்கள். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், பேச்சு இன்னும் சர்வீஸில் இருக்கிறது. அதனால் என் ரயில் விழுப்புரத்துக்கு ஓடுகிறது. அங்கே ஐந்து திசை: சென்னை, விருத்தாசலம் வழியே திருச்சி, கடலூர் வழியே மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியே காட்பாடி. ஐந்தையும் ஒன்பதடி மேஜைக்குள் கொண்டுவர வேண்டும். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு இது, ஹெச்.ஓ. என்பார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மி.மீ.

இடம் போதாததால்தான் டபுள் ஸ்லிப் வைத்தேன். இரண்டு பாதைகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும். அதே இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் முடியும். இரண்டு பாயிண்ட் செய்கிற வேலையை ஏறக்குறைய ஒரு பாயிண்ட் நீளத்தில் செய்துவிடும். அவசியம் இல்லாதவர்கள் இதை வாங்காதீர்கள். அழகுக்காக வாங்கினால் அழ வைக்கும்.

முதலில் சக்கரம். ஜங்ஷனைத் திட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்தையும் அளந்து பாருங்கள். லேபில் ஆளாளுக்கு ஒரு ரீடிங் சொன்னீர்களே, அதே வெர்னியர் காலிப்பர்தான். ஒரு அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். ராஜகிரி உச்சிக்குப் போகும் முன் ஒரு பிளவு வருமே, பாலத்தில் தாண்டுவோமே, அது ஞாபகம் இருக்கிறதா? கிராசிங்கில் சக்கரம் அப்படி ஒரு சின்னப் பிளவைத் தாண்டுகிறது, பாலம் இல்லாமலே. அந்த நொடியில் அதைத் தடம் மாறாமல் பிடித்துக்கொள்வது எதிர்ப்பக்கத்து செக் ரயில். சக்கர இடைவெளி குறைந்தால் சக்கரத்தின் முதுகு செக் ரயில் மேல் ஏறும். கூடினால் கிராசிங்கின் மூக்கில் இடிக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டிகளில் அளக்காமல் தண்டவாளம் ஏறியது ஒன்றுகூடக் கிடையாது.

அடுத்து, வளைவிலிருந்து நேராக ஸ்லிப்புக்குள் நுழைக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு பெட்டி நீளமாவது நேர்ப் பாதை வேண்டும். கீழே பலகை சமமாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை பாருங்கள். ப்ளைவுட் ஈரம் குடிக்கும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுற்றிலும் பாறை, மேலே மொட்டை மாடி. குளிர்காலத்தில் தண்டவாளம் போடுகிறவர்கள் இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விடுங்கள். தண்டவாளத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறலில் அழுக்கு குடியேறிவிடும்.

இனி மின்சாரம். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். கிராசிங் பிளாஸ்டிக்காக இருந்தால் சின்ன இன்ஜின் அதன் மேல் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். உலோகமாக இருந்தால் நிற்காது. ஆனால் ரயில் போகும் பாதைக்கு ஏற்ப அதன் துருவத்தை மாற்றிக்கொடுக்க வேண்டும். ஒரு தாளில் வரையுங்கள். இடது பக்கம் அ, ஆ என்று இரண்டு பாதை, வலது பக்கம் இ, ஈ. இடது முனை டங் ரயில் எதைத் தீர்மானிக்கிறது? ரயில் வலது பக்கத்தில் இ-க்கா, ஈ-க்கா என்பதை. அப்படியானால் இடது பக்கத்தில் பாதை அ-வா, ஆ-வா என்பதைத் தீர்மானிப்பது வலது முனை. ஆகவே இடது கிராசிங்கின் வயர், வலது மோட்டாரின் ஸ்விட்சுக்குப் போக வேண்டும். வலது கிராசிங்கின் வயர் இடது மோட்டாருக்கு. வரைந்து பார்த்துப் புரிந்த பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று பாக்கி. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. உறவினர்களுக்குத் தெரியும், அவர் மீட்டர் கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேன். "மாத்திட்டேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. லீவரை இழுத்த பிறகு லாந்தரை எடுத்துக்கொண்டு நடந்துபோய், டங் ரயில் ஒட்டி உட்கார்ந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "மாறிடுச்சு" என்பார். மாற்றியது கை, மாறியது தண்டவாளம். இரண்டும் ஒன்று என்று அவர் ஒருநாளும் நம்பவில்லை.

இன்று அந்தக் குனிந்து பார்க்கும் வேலையை டிடெக்டர் செய்கிறது. டங் ரயிலுக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகடு வைத்துச் சோதிப்பார்கள். அப்போது பாயிண்ட் பூட்டக்கூடாது, சிக்னல் விழக்கூடாது. என் மேஜையில் தகட்டுக்குப் பதில் அஞ்சலட்டை. ஒவ்வொரு டங் ரயில் நுனியிலும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். மோட்டார் சுழன்றால் மட்டும் பச்சை எரியாது, டங் ரயில் உட்கார்ந்தால்தான் எரியும். அஞ்சலட்டையைச் செருகினால் எரியக்கூடாது.

"பொம்மை ரயில்தானே தாத்தா, கவிழ்ந்தா தூக்கி வெச்சுக்கலாம்" என்றாள் பேத்தி. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் பச்சை காட்டியது. பாயிண்ட் லூப் லைனுக்கு இருந்தது. 290 பேருக்கும் மேல் போனார்கள். 2024 அக்டோபர் 11 அன்று நம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸும் அப்படித்தான் லூப் லைனுக்குள் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தையிடம் இதையெல்லாம் சொல்ல மனம் வரவில்லை. அஞ்சலட்டையைக் கையில் கொடுத்து, "நீ சோதித்துச் சொன்னால்தான் வண்டி கிளம்பும்" என்றேன். அன்று முதல் அவள்தான் பாயிண்ட்ஸ்மேன். தாத்தாவுக்குக்கூடச் சலுகை இல்லை. போன வாரம் காட்பாடி பாசஞ்சரை இருபது நிமிஷம் நிறுத்திவைத்தாள், டங் ரயிலில் பஞ்சு ஒட்டியிருக்கிறதாம். ஒட்டித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஐந்து திசையிலும் வண்டி விடுகிறோம். தங்கள் பெட்டிகளைக் கொண்டுவருகிறவர்கள் கொண்டுவரலாம், வெர்னியர் என்னிடம் இருக்கிறது. மாடிப்படி குறுகல், தலையைப் பார்த்து ஏறுங்கள்.