ஆம்பூர் எத்தனை எழுத்து?

ஃபிராங்க்ஃபர்ட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதிக் கொடுத்தால் காசு வருமா, வேலையாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். காசு பெரும்பாலும் வராது. வேலைக்கு உதவலாம். ஆனாலும் நீ இதில் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலில் பைத்தானைத் திறந்து, நம் ஊர்ப் பெயரின் நீளம் எவ்வளவு என்று கேள். ஆம்பூருக்கு 7 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 4 என்று சொல்லிவிடும். யூனிகோடில் 'ம்' என்றால் ஒரு மகரமும் ஒரு புள்ளியும், இரண்டு குறியீடுகள். 'பூ'வும் 'ர்'ரும் அப்படித்தான். பைத்தான் எண்ணுவது அந்தக் குறியீடுகளை. பெயரைத் திருப்பிப் போடச் சொல்லிப் பார், இன்னும் மோசம். கடைசிப் புள்ளி முன்னால் வந்து, உட்கார எழுத்தில்லாமல் அந்தரத்தில் நிற்கும். 'பூ' போய் 'ரூ' முளைக்கும். அகரவரிசை, தேடல், பிழைதிருத்தி என்று தமிழுக்கு எதை எழுதப் போனாலும் இங்கே கால் இடறும்.

இதைச் சரிசெய்ய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை, நண்பர்களோடு சேர்ந்து வளர்த்தது. சொல்லைக் கொடுத்தால் ஆ, ம், பூ, ர் என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். இதையெல்லாம் தமிழிலேயே படிக்க 2012இல் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது. ஆங்கிலம் வரவில்லை என்று நீ தயங்க வேண்டியதில்லை.

நீ இதில் இறங்க வேண்டும் என்று நான் ஏன் ஆசைப்படுகிறேன் என்று சொல்கிறேன். அக்கா ஷூ கம்பெனியில் தைக்கிற அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, இந்த ஊர்க் கடைக்கு வரும்போது அதன்மேல் வேறு யார் பெயரோ இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே தைத்தாலும் இதே கதைதான். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்களின் பெயர் எந்த அட்டைப்பெட்டியிலும் கிடையாது. எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம். 2005இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற மென்பொருள், நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தோடும் எழுதியவர் பெயர், தேதி, என்ன செய்தார் என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. எத்தனை வருஷம் கழித்து யார் அந்த வரியைத் தொட்டாலும், எழுதியது யார் என்று பார்த்துக்கொள்ளலாம். உழைத்தவர் பெயர் உழைப்போடு சேர்ந்தே போகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்காக வெறும் பெயருக்கு அலையாதே. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருள் நிகழ்வு நடந்தபோது, நான்கு புல் ரெக்வெஸ்ட் (நம் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) போட்டால் டீ-ஷர்ட் என்றார்கள். ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள், நம் நாட்டு மாணவர்களும் நிறையப் பேர். சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்துத் திட்டங்களைப் பராமரிக்கிறவர்கள் அந்தக் குப்பையை ஒவ்வொன்றாக மூட வேண்டியதாயிற்று. அந்த மாதமே விதியை மாற்றி, விரும்பிச் சேர்கிற திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள்.

நீ நிதானமாகத் தொடங்கு. ஓப்பன்-தமிழை நிறுவி, அதில் ஏற்கெனவே இருக்கிற சோதனைகளை ஓட்டிப் பார். க்ஷ, ஸ்ரீ வருகிற சொற்களைக் கொடு. 'ஸ்ரீ'யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், முதல் மெய் வேறு வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு இரண்டு. எங்காவது தவறான விடை வந்தால், அதே பிழையை வேறு யாராவது முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று தேடு. இல்லையென்றால், என்ன கொடுத்தாய், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதிப் போடு. அதுவே பங்களிப்புதான். பிறகு ஒரு கிளை பிரித்து, பிழையைக் காட்டும் சோதனையை முதலில் எழுதி, அதற்கப்புறம் திருத்து. ஒரு புல் ரெக்வெஸ்டில் ஒரே ஒரு திருத்தம் போதும்.

உன் திருத்தத்தைப் படித்துப் பார்ப்பவர் இதை மாற்று, அதை எடு என்பார். கோபப்படாதே. பதில் வர வாரக்கணக்கில் ஆனாலும் நச்சரிக்காதே.

எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன்னால் கிளையின் சுட்டியை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறேன்.

அன்புடன்,
மாமா