பெண் பெயரில் ஒரு நோய்

நோய்களுக்கு நம்மவர் பெயர் சூட்டியிருக்கும் விந்தையை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே? உடலெங்கும் கொப்புளம் கிளப்பி, கண்ணைப் பறித்து, உயிரைக் குடித்த கொடுநோய்க்கு ‘அம்மை’ என்று பெயர் வைத்தனர். ‘ஆத்தாள் வந்திருக்கிறாள்’ என்று கூறி வாசலில் வேப்பிலை செருகினர், கூழ் வார்த்தனர், மருந்து கொடுத்தால் ஆத்தாள் கோபிப்பாள் என்று அஞ்சி நடுங்கினர். ஊசி வந்தது, ஆத்தாள் போனாள்! 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது.

மற்றொரு நோயும் உண்டு. ஊர் மேய்ந்துவிட்டு வரும் ஆடவன் உடலோடு கொண்டுவந்து, வீட்டிலிருப்பவளுக்கும் அளிக்கும் மேகநோய். அதற்கு நம் தெருவில் வழங்கும் பெயர் என்ன? ‘பொம்பளைச் சீக்கு’! கொண்டு வந்தவன் ஆண், கொடுத்தவன் ஆண், கூனிக் குறுகி நின்றவள் பெண், பெயரும் அவள் பெயரே! கும்பிடுவதற்கும் பெண், குற்றம் சாட்டுவதற்கும் பெண். மருத்துவமனை வரிசையிலே மட்டும் அவளுக்கு இடம் கடைசி.

கிருமிக்கு ஆண் பெண் தெரியாது; சாதி தெரியாது; தாலி தெரியாது. எனினும் ஒரு கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்ததும், யார்மீது பழி விழும், யார் வீட்டில் அடைபடுவர், யாருக்கு மருந்து முதலில் கிட்டும் என்பனவற்றைச் சமுதாயமே முடிவு செய்கிறது. கிருமியை ஆராய மருத்துவர் வேண்டும். அந்த முடிவுகளை ஆராய? அதற்குத்தான் சமூகவியல் என்றோர் அறிவுத்துறை இருக்கிறது. பாலினமும் பாலியல் வாழ்வும் கொள்ளைநோயும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்று ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர்கள் அத்துறையில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் கௌரி விஜயகுமார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கும் ஆசிரியரானவர். பெங்களூரிலும் கென்யா நாட்டிலும் பாலியல் தொழிலாளரோடும் திருநங்கையரோடும் பழகிக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு, எய்ட்ஸ் நோய் இந்தியப் பாலியல் அரசியலை எவ்வாறு மாற்றியது என்பது பற்றி 2021-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

‘இதெல்லாம் ஒரு படிப்பா? இதற்குப் பல்கலைக்கழகம் பட்டமும் தருகிறதா?’ என்று கேட்கும் பெரியவர்கள் நம் கொருக்குப்பேட்டையிலும் இருக்கின்றனர். அவர்கட்கு மறுமொழி கூறச் சிறிது வரலாறு வேண்டும்.

வெள்ளையர் ஆட்சியில், 1868-ஆம் ஆண்டு, தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று இயற்றினர். பட்டாளத்துச் சிப்பாய்களிடையே மேகநோய் பெருகிற்று என்பது காரணம். சட்டம் யார்மீது பாய்ந்தது? பெண்கள்மீது! அவர்கள் பெயரைப் பதிவு செய்தனர். உடலை வலிந்து சோதித்தனர். நோய் கண்டால் பூட்டிய மருத்துவமனையில் அடைத்தனர். சிப்பாய்க்குப் பதிவேடும் இல்லை, பூட்டும் இல்லை. இங்கிலாந்திலே இத்தகைய சட்டத்தை எதிர்த்து ஜோசபின் பட்லர் அம்மையார் ஊர் ஊராகச் சென்று முழங்கினார். அங்கே 1886-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது; இங்கே 1888-இல் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று; எண்ணம் போயிற்றா?

நூறாண்டு கடந்து, நம் சென்னைக்கே வருவோம். 1981-இல் எய்ட்ஸ் நோய் பற்றிய முதற்செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘அஃது ஒழுக்கங்கெட்ட மேலைநாட்டாரின் நோய், கற்பு நெறி தழைக்கும் நம் புண்ணிய பூமியை அணுகாது’ என்று மார்தட்டினர் பலர். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையார் அந்தப் பெருமைப் பேச்சை நம்பவில்லை. முதுநிலை மாணவி நிர்மலாவை அழைத்து, ‘தேடிப் பார்’ என்றார். நிர்மலா அம்மையார் பாலியல் தொழிலிலிருந்த பெண்களைத் தேடி மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் சென்று இரத்தம் சேகரித்தார். சென்னையில் அன்று சோதனை வசதி இல்லை. குளிர்பெட்டியில் இரத்தக் குப்பிகளை வைத்துக்கொண்டு, கணவர் துணையோடு இரவுத் தொடர்வண்டியேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். 1986 பிப்ரவரித் திங்களில் ஆறு பேருடைய இரத்தத்தில் அக்கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அதுவே! பெருமைக் கோட்டை இடிந்தது. இரு பெண்களின் அறிவுத் துணிவால் இடிந்தது.

போற்றுகிறோம். போற்றும்போதே ஒன்றை மறைத்தலாகாது. எந்த நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களுக்கு அன்று சொல்லப்படவில்லை. நிர்மலா அம்மையாரே இதைப் பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறியிருக்கிறார். மருத்துவம் ‘கிருமி எங்கே?’ என்று கேட்டது, விடை கண்டது. ‘அந்த அறுவர் பிறகு என்ன ஆயினர்? அவர்கள் சொல்ல விரும்பியது என்ன?’ என்று கேட்க அன்று ஒருவரும் இல்லை. சமூகவியல் நுழைய வேண்டிய இடம் அதுவே.

அது நுழையாத காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கிருமி இருக்கிறது என்று காரணம் காட்டி, அடைப்புக் காலம் முடிந்த பின்னரும் பெண்களைச் சென்னைக் காப்பகத்திலேயே பூட்டி வைத்தனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் அம்மையார் உயர் நீதிமன்றம் சென்றார். 1990-இல் அவர்கள் விடுதலை பெற்றனர். 1868-இன் பூட்டு, 1990 வரை துருப்பிடிக்காமல் இருந்திருக்கிறது, பார்த்தீர்களா!

ஆனால், அடைபட்டவர்கள் பின்னர் அமர்ந்தே கிடக்கவில்லை. கௌரி விஜயகுமாரின் ஆராய்ச்சி காட்டும் புதிய காட்சி இதுதான். நோய் பரவிடும் என்ற அச்சத்தால் அரசும் அயல்நாட்டு அறநிறுவனங்களும் இம்மக்களைத் தேடி வந்தன. ‘இடருக்குரியோர்’ என்று பட்டியலிட்டன. பட்டியலிடப்பட்டவர்களோ, அந்தப் பட்டியலையே படிக்கட்டாக்கிக் கொண்டனர். ஆணுறை வாங்கக் கூடியவர்கள் சங்கம் கண்டனர். சங்கத்தில் உரிமை பேசினர். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை எதிர்த்து 2001-இல் வழக்குத் தொடுத்த நாஸ் அறக்கட்டளை, எய்ட்ஸ் தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த அமைப்புத்தான். காவலர்க்கு அஞ்சி ஒளிபவர்களிடம் மருந்தையும் அறிவுரையையும் கொண்டுசெல்வது எங்ஙனம் என்று கேட்டது அது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், உச்ச நீதிமன்றம் அக்குற்றத்தளையை அறுத்தது.

இதிலேயும் ஒரு கூர்மையான வினா இருக்கிறது. மனிதன் என்பதற்காக மதிக்காமல், நோய் பரப்பக்கூடும் என்பதற்காக மதிப்பது மதிப்பாகுமா? 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் வந்து நாடே பூட்டப்பட்டபோது இவ்வினா சோற்றுப்பானைக்குள்ளேயே வந்து விழுந்தது. பாலியல் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். பலரிடம் குடும்ப அட்டை இல்லை. அடையாளச் சான்று கேட்காமல் அவர்கட்கு உணவுப் பொருள் வழங்குக என்று அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நல்ல ஆணை! ஆனால், அவர்களை எப்படி அறிவது? எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அறிந்து வைத்திருப்போரைக் கொண்டு! அரிசி பெறுவதற்கும் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும்! குடிமகள் என்ற பட்டியலில் அவள் பெயர் ஏறுவது என்றைக்கு?

அந்த 2020-ஐ நாம் மறக்க முடியாது. மே, சூன் திங்களில் சென்னை மண்டலங்களுள் நோயாளர் தொகையில் முதலிடம் இராயபுரத்துக்கு. ‘வடசென்னைக்காரனுக்குக் கட்டுப்பாடு கிடையாது’ என்று மாடிவீட்டார் தீர்ப்புக் கூறினர். பத்தடிக்கு எட்டடி அறையில் அறுவர் வாழ்வதையும், ஒரே குழாயடியில் ஒரு தெருவே குடத்தோடு நிற்பதையும் அவர்கள் கண்டதில்லை. இடைவெளி விட்டு நில் என்றால், இடத்தை யார் கொடுத்தார்? நாம் அப்போது கல்லூரி மாணவி. நம் தெருவில் வாசலுக்குத் தகரம் அடித்தனர். கதவில் ஒட்டுத்தாள் ஒட்டினர். குடும்பமே வீட்டில் அடைந்தது. அடைந்தவர்க்கெல்லாம் ஆக்கிப்போட்டவள் யார்? வேலை போன ஆடவனின் சினத்தைத் தாங்கியவள் யார்? பள்ளி மூடியதும் படிப்பு போதும் என்று நிறுத்தப்பட்டவர்களில், மீண்டும் திரும்பாதவள் யார்? நோயாளர் தொகையை நாள்தோறும் மாலையில் அறிவித்தனர். இந்தத் தொகையை அறிவிக்க ஒருவரும் வரவில்லை.

இன்று நாம் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறோம். எய்ட்ஸ் பற்றிய பாடம் வரும்போது, ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று கூறிப் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அந்தப் பக்கத்தை வகுப்பிலேயே நடத்தப் போகிறோம் என்றோம். மூத்த ஆசிரியை ஒருவர் அருகழைத்து, ‘உனக்கெதுக்கும்மா இந்த வம்பு? கல்யாணம் ஆகாத பொண்ணு. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க’ என்றார். அன்பினால் சொன்னார், அதுதான் வருத்தம். நடத்தினோம். கிருமி பரவும் வழிகளைக் கரும்பலகையில் எழுதினோம். வகுப்பு சிரிக்கவில்லை, வாய் பிளந்து கேட்டது. மணியடித்து அனைவரும் கலைந்த பின் ஒரு மாணவி மட்டும் நின்றாள். தரையைப் பார்த்தபடியே, ‘டீச்சர், தப்புப் பண்ணாதவங்களுக்கும் அது வருமா?’ என்று கேட்டாள்.

யாருக்காகக் கேட்டாள் என்று நாம் வினவவில்லை. ‘வரும், கண்ணு. வந்தால் மருந்து இருக்கிறது. வந்தவர் யாரும் தப்புப் பண்ணியவர் என்று பொருளில்லை’ என்றோம். அவள் முகம் நிமிர்ந்ததே, அதற்கு ஈடாக எந்த வம்பையும் விலைக்கு வாங்கலாம்!

அந்தச் சிறுமியின் வினாவுக்கு ஆராய்ச்சியின் விடையும் உண்டு. சுனிதி சாலமன் அம்மையார் 1993-இல் தொடங்கிய சென்னை எய்ட்ஸ் மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வொன்றை, அவரும் தோழர்களும் 2000-இல் வெளியிட்டனர். வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் கணவன் ஒருவனையன்றிப் பிறரை அறியாதவர்கள்! கற்பு காக்கும் என்றார்களே, காத்ததா? கற்பை அவளுக்கு மட்டும் விதித்து அவனுக்கு விலக்களித்த ஏற்பாடு, அவளைக் கிருமியின் வாயிலிலே கைகட்டி நிறுத்தியது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் கற்பு என்னும் சொல்லையே முதலில் எடுத்து ஆராய்ந்தார். ஒருதலை அறம் பெண்ணை அடிமையாக்கும் என்பது அவர் வாதம். உயிரையும் பறிக்கும் என்பது ஆய்வுக்கூடம் அளித்த சான்று.

ஆதலின், ‘இதெல்லாம் ஒரு படிப்பா?’ என்பார்க்கு நம் மறுமொழி: இதுவே படிப்பு! இழிந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதி, சமுதாயத்தின் முகத்துக்கு நேரே நீட்டும் படிப்பு.

தோழர்களே! 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது. ஒப்புதலின்றிச் சோதிக்கலாகாது, நோயைக் காட்டிப் பள்ளியிலோ பணியிலோ விலக்கலாகாது என்கிறது அது. நல்ல சட்டம், படிப்பகத்துச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும் நாளை நாம் அறியோம். வரும்போது யார் வாசலில் தகரம் அடிக்கப்படும், யார்மேல் பழி விழும் என்பதை இன்றே மாற்ற முடியும். முதற்பணி எளியது, காசு செலவில்லாதது. ‘பொம்பளைச் சீக்கு’ என்ற சொல் தெருமுனையில் உங்கள் காதில் விழும்போது, பேசியவரை நிறுத்திக் கேளுங்கள்: ‘கொண்டு வந்தது யார், ஐயா?’