சிடுமூஞ்சி டீச்சர்

"எங்க டீச்சர் ஒரு சிடுமூஞ்சிம்மா!" என்று பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டே சொல்லாத குழந்தை உண்டா? அதோடு போனால் பரவாயில்லை. "யாரு, அவளா? புருஷனோட வாழாதவ. அந்த எரிச்சலைப் பிள்ளைங்க மேல காட்டறா" என்று வீட்டில் பெரியவர் யாராவது ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறார்கள். மறுநாள் அந்த வார்த்தையும் பையோடு பள்ளிக்கூடம் போகிறது.

அமெரிக்காவில் 1989 முதல் வரும் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் சிரிப்புத் தொடரில் இப்படி ஒரு டீச்சர் உண்டு. எட்னா கிரபாப்பல் என்று பெயர். நாலாம் வகுப்பு எடுப்பவள், விவாகரத்தானவள். கையில் சிகரெட், வாயைத் திறந்தால் "ஹா!" என்று ஓர் ஏளனச் சிரிப்பு. அவள் வகுப்பில் பார்ட் என்றொரு வாலுப் பையன்.

1992-ல் வந்த கதை ஒன்று. பார்ட் யோ-யோவைச் சுழற்றி வகுப்பிலிருந்த மீன் தொட்டியை உடைத்துவிடுகிறான். பள்ளி விட்ட பிறகும் தினம் இருக்க வேண்டும் என்று தண்டனை. ஒரு நாள் டீச்சரின் மேஜையைக் குடைந்தபோது, துணை தேடி அவள் பத்திரிகைக்குக் கொடுத்த விளம்பரம் கண்ணில் படுகிறது. விளையாட்டாக வேறு பெயரில் காதல் கடிதம் எழுதுகிறான். அவளும் நம்பி ஓட்டலில் போய்க் காத்திருக்கிறாள். யாரும் வரவில்லை. டீச்சர் அழுவதைப் பார்த்த பிறகுதான் பையனுக்கு உறைக்கிறது.

விஷயம் அவன் அம்மா மார்ஜ் காதுக்குப் போகிறது. உண்மையைச் சொன்னால் அவள் அவமானத்தில் குன்றிப்போவாள் என்கிறாள் அந்த அம்மா. குடும்பமே கூடி உட்கார்ந்து, மனம் நோகாமல் விடைபெறும் கடிதம் ஒன்றை எழுதுகிறது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தஞ்சை ஜில்லா ரிஷியூர்க் குடும்பத்தில் 1886-ல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, சிறு வயதிலேயே விதவையானவர். 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு வருஷமே சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கி, படிக்கவைத்துப் பலரை ஆசிரியைகளாக்கினார். தனித்து நின்ற பெண்ணுக்கு மரியாதையோடு சோறு போட்ட உத்தியோகம் இது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கும் வழி செய்தது. 'வாழாவெட்டி' என்ற சொல்லை மட்டும் எந்தச் சட்டத்தாலும் எடுக்க முடியவில்லை.

வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் அப்படி ஒரு டீச்சர் வந்தார். கடைத்தெரு மாடியில் ஒற்றை அறை. ஊரே அவரைப் பற்றிப் பேசியது. பொங்கலன்று என் அம்மா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலை வைத்து, "ஒத்தை ஆளு தனக்குன்னு பொங்கல் வெச்சுக்குமாடி? போய்க் குடுத்துட்டு வா. 'அம்மா குடுத்தாங்க'ன்னு சொல்லு. வேற ஒண்ணும் கேக்காதே" என்றாள். டீச்சர் சிரிக்கவில்லை. "வாய்ப்பாடு எழுதிட்டியா?" என்றுதான் கேட்டார். ஆனால் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பார்களே, மறுநாள் வந்த தூக்கில் ஒரு புதுப் பென்சில் இருந்தது!

எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் என்ற நடிகையும் லேசான வாழ்க்கை வாழ்ந்தவரல்ல. 1985-ல் மார்பகப் புற்றுநோய் வந்து மீண்டவர். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். 1992-ல் கணவரை இழந்தார். அதே வருஷம்தான் எட்னாவின் குரலுக்காக எம்மி விருதும் வந்தது. 2013-ல் அவர் காலமானபோது, வேறு யாரையும் அந்தக் குரலில் பேசவைக்க மனமில்லாமல் எட்னாவுக்கே விடை கொடுத்தார்கள். டீச்சர் இல்லாமல் ஏக்கமாக இருக்கும் என்று கரும்பலகையில் எழுதியவன் யார் தெரியுமா? அதே வாலுப் பையன் பார்ட்தான்.

டீச்சர் குழந்தையை அடித்தால், மனம் நோகப் பேசினால், கட்டாயம் நேரில் போய்க் கேளுங்கள். அது நம் கடமை. ஆனால் அவர் யாரோடு வாழ்கிறார், ஏன் பிரிந்தார் என்பது குழந்தை காதில் விழவேண்டிய சமாசாரமல்ல. "சிடுமூஞ்சி" என்று குழந்தை சொன்னால், "பாவம், நாற்பது பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கறாங்க, தலை வலிச்சிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். நாளைக்கு அந்த வார்த்தைதான் பையோடு போகும்.