அணு உலையும் கணினிக் காவலும்

குறிஞ்சாக்கேணியிலிருந்து கிண்ணியா நகருக்குச் செல்வோர் களப்பைக் கடந்தே செல்லுதல் வேண்டும். பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதிய பாலம் எழுப்பும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் செல்ல ஒரு மிதவைப் படகு சேவையில் இருந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் பிரிந்தன. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார்களும் அவர்களுள் அடங்குவர். அப்பொழுது நான் உயர்தர வகுப்பு மாணவன். அதற்கு முன்னர் பல நாள் அதே மிதவையில் ஏறியிருக்கின்றேன். ஒரு தடவையில் எத்தனை பேர் ஏறலாம் என எழுதிய பலகை எதனையும் கண்டதாக நினைவில்லை. அதனைத் தேடியதாகவும் நினைவில்லை. விபத்தின் பின்னரே அனுமதி, தரம், மேற்பார்வை என்னும் சொற்கள் எம்மூரில் வீட்டுக்கு வீடு பேசப்படலாயின.

கலைப்பீட மாணவன் ஒருவன் அணு உலைகளின் கணினிப் பாதுகாப்பு விதிகளைப் பற்றி எழுத முற்படுவதற்கு இதுவன்றி வேறு காரணம் இல்லை. விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொள்ளும் பொறியியற்பீட நண்பர், "தம்பி, இது உங்கள் துறையன்று" என நகைத்தார். ஆயின் ஒழுங்குவிதி என்பது முதற்கண் ஓர் உரைநடை. ஒரு சொல் எதனை உள்ளடக்குகின்றது, எதனை நழுவவிடுகின்றது என ஆராய்வது எமது துறையே எனலாம்.

சான்றுக்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. மன்னார்க் குடாவுக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில் இரசியத் தொழினுட்பத்தில் அமைந்த அணுமின் நிலையம் உள்ளது. அதன் முதலாவது உலை 2013 ஒக்டோபரில் மின் வலையமைப்புடன் இணைக்கப்பட்டது. 2019 ஒக்டோபர் இறுதியில், 'டிட்ராக்' எனப்படும் உளவு நிரலின் மாதிரியொன்று இணையவெளியில் ஆய்வாளர் கண்ணிற்பட்டது. அந்நிலையத்தின் கணினி வலையமைப்பைச் சார்ந்த விபரங்கள் அதனுள்ளே பொதிந்திருந்தன. செய்தி பரவியதும், ஒக்டோபர் 29ஆம் திகதி நிலையத்தார் ஓர் அறிக்கை விடுத்தனர். உலைகளின் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் தனித்து இயங்குவன, வெளி வலையமைப்புடன் தொடர்பற்றன, ஆதலால் அவற்றின்மீது தாக்குதல் சாத்தியமன்று என்பது அதன் சாரம். மறுநாளே இந்திய அணுமின் கழகம் பிறிதோர் அறிக்கை வெளியிட்டது. நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. செப்ரெம்பர் 4ஆம் திகதியே அது அறிவிக்கப்பட்டிருந்தது. நிருவாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள கணினியொன்றே தொற்றுக்குள்ளாயிற்று. உலையின் உள்வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டது என்பன அதிற் கூறப்பட்டன.

இவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பலமுறை படித்தேன். நுணுகி நோக்கின் முதலாவது அறிக்கை பொய்யன்று. கேட்கப்படாத வினாவுக்கு அது விடையிறுத்தது, அவ்வளவே. "உலை பாதுகாப்பானதா?" என்பதற்கு விடை இருந்தது, "நிலையத்துள் அந்நியர் புகுந்தனரா?" என்பதற்கு விடை இல்லை. செப்ரெம்பர் 4 முதல் ஒக்டோபர் 30 வரை 56 நாள்கள். அந்நாள்களில் அயற்கரையில் வாழும் இடிந்தகரை மீனவரும் மன்னார் மீனவரும் வழமைபோல் வலைவீசிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு ஆபத்து நேர்ந்தது என்று நான் கூறவில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை என்பதே என்னை உறுத்துகின்றது.

'தொடர்பற்றது' என்னும் சொல்லும் ஆராயற்பாலது. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையமும் இணையத்தினின்று பிரிக்கப்பட்டிருந்ததே. 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெற்' நிரல் அத்தகைய பிரிவைக் கைக்குள் அடங்கும் நினைவகக் குச்சி வாயிலாகத் தாண்டவல்லதாய் ஆக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னரே, 2003 சனவரியில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்துள் 'ஸ்லாமர்' என்னும் கணினிப் புழு நுழைந்து, உலையின் பாதுகாப்பு நிலையைக் காட்டும் திரையை ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் முடக்கிற்று. உலை வேறு காரணத்தால் அக்காலத்தில் நிறுத்தப்பட்டிருந்தமை நற்பேறு. புழு வந்த வழி, தீயரணைச் சுற்றிச்சென்ற ஓர் ஒப்பந்தக்காரரின் இணைப்பு. வாயிலிற் காவலன் நிற்கையில் வேலியில் பொட்டு இருந்தது என எம்மூரவர் சொல்வர்.

அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணைக்குழு 2009இல் இதற்கென விதி வகுத்தது. பாதுகாப்பு, காவல், அவசரகால ஆயத்தம் ஆகியவற்றோடு தொடர்புடைய கணினித் தொகுதிகள் யாவும் அதனுள் வந்தன. பன்னாட்டு அணுசக்தி முகவரகமும் 2011இல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டு, 2021இல் அதனைத் திருத்தியது. ஆயினும் இவ்விதிகள் எழுந்த காலத்து உலைகள் வேறு, வருவன வேறு. பழைய உலையின் கட்டுப்பாட்டு அறையில் ஆழிகளும் கம்பிகளும் மிகுந்திருந்தன. அவற்றைத் தொலைவிலிருந்து எவரும் திருகவியலாது. புதிய சிற்றுலைகளோ எண்ணிமக் கருவிகளாலேயே இயங்குவன. ஆளணியைக் குறைத்தல், தொலைவிலிருந்து கண்காணித்தல், இயலுமாயின் தொலைவிலிருந்தே இயக்குதல் என்பன அவற்றின் பொருளாதாரக் கவர்ச்சிகள். அங்ஙனமாயின் 'தொடர்பற்றது' என்ற வாதம் அடியோடு வீழ்கின்றது. தொடர்பு அங்கே தவறுதலாக நேர்வதன்று, வடிவமைப்பிலேயே உள்ளது.

2024 ஒக்டோபரில் அவ்வாணைக்குழு வெளியிட்ட முன்மொழிவு, விளைவை அளவுகோலாகக் கொள்கின்றது. தாக்குதலால் கதிர்வீச்சு எத்துணை வெளிப்படக்கூடும் என்பதை நோக்கிக் காவலின் கடுமை தீர்மானிக்கப்படும். நண்பர் இதனை மிகவும் பாராட்டுகின்றார்: "இயல்பிலேயே குளிர்ந்துவிடும் சிற்றுலைக்குப் பேருலையின் விதி எதற்கு?" அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் விளைவைக் கணிப்பவர் யார்? உலையை விற்பவர் தரும் கணக்கை, அவ்வளவு வல்லுநர் இல்லாத நாட்டின் ஒழுங்குமுறை நிறுவனம் எவ்வாறு சரிபார்க்கும்? இவ்வினாவுக்கு அவர் இதுவரை விடை தரவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இவ்வினா எமக்குப் புறம்பானதன்று. கல்பாக்கத்தில் 500 மெகாவாற் வேக ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கிற்று. அணுமின் பற்றி எண்ணத் தொடங்கிய இலங்கைக்கும் 2022இல் பன்னாட்டு முகவரகத்தின் மீளாய்வுக் குழு வந்து சென்றது. எமது அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவை 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்தது. மறுபுறம், 2023 ஓகத்தில் எமது அரச முகிற்கணினி கப்பநிரலால் தாக்குண்டு, ஏறத்தாழ மூன்றரை மாதத்து மின்னஞ்சல்கள் அழிந்தன. மீட்பதற்குப் பிரதி இல்லை. அஞ்சலைக் காக்க இயலாத கைகளில் உலையை ஒப்படைப்பதா எனச் சிலர் கேட்பர். அது சற்று மிகையான கேள்வியே; எனினும் தட்டிக்கழிக்கத்தக்கதன்று.

சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய இரவில், நண்பரும் நானும் விளையாட்டாக ஓர் ஒழுங்குவிதியை வரைந்தோம். உலை உரிமையாளர் தம் கணினித் தொகுதியுள் அந்நியர் புகுந்தமையை அறிந்தால் என்ன செய்தல் வேண்டும் என்பது அதன் பொருள். "உடனடியாக அறிவித்தல் வேண்டும்" என எழுதினேன். அமெரிக்காவில் 2015இல் வந்த விதி நிகழ்வின் கடுமைக்கேற்ப ஒன்று, நான்கு, எட்டு மணித்தியாலங்கள் எனத் தவணை குறிக்கின்றது என்று நண்பர் நினைவூட்டினார். அதுவும் ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு அறிவிப்பதற்கே, ஊராருக்கு அன்று. நான் 'உடனடியாக' என்பதை வெட்டி 'ஒரு மணித்தியாலத்துள்' என எழுதினேன். எவருக்கு என்ற இடத்தில் பேரவையின் பெயரை இட்டு, அதன் பின் 'அயலில் வசிப்போருக்கும்' என ஒரு சொற்றொடரைச் சேர்த்தேன். நண்பர் அதனை வெட்ட வேண்டும் என்றார். வீண் பீதி எழுமாம். விளக்கணைக்கும்வரை வாதிட்டோம். அத்தாள் இன்னும் என் மேசையில் வெட்டப்படாமலே கிடக்கின்றது.