பழமலையும் மின்சார சங்கீதமும்

விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குக் குறுக்குப் பாதையில் செல்லும் ரயில்களெல்லாம் விருத்தாசலத்தைக் கடந்தே ஆகவேண்டும். மேற்கே சேலத்துக்கும் கிழக்கே கடலூருக்கும் செல்லும் பாதைகள் இங்கேதான் அதனுடன் வந்து கூடுகின்றன. ஆகவே நான்கு திசைகளிலிருந்தும் ஜனங்கள் இங்கே இறங்குகிறார்கள். ஆனால் அவர்களில் பலர் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வண்டி ஏறிப் போய்விடுகிறவர்கள், ஊருக்குள் நுழைவதில்லை. அதனால் நஷ்டம் ஊருக்கல்ல, அவர்களுக்குத்தான்.

ஊருக்கு முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பெயர் உண்டு. வடமொழியில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் கிழ மலை கிழ மலைதான். உலகில் முதலில் தோன்றிய மலை இதுவே என்று தல புராணம் சொல்கிறது. மலையைத் தேடிப் பார்த்தால் கண்ணுக்கு அகப்படாது, சுற்றிலும் சமதரையாயிருக்கிறது. கண்ணுக்கு அகப்படுவது கோயில். கோபுரம் 5, கொடிமரம் 5, தேர் 5 என்று எல்லாவற்றையும் ஐந்தைந்தாக எண்ணிக் காட்டுவது இவ்வூரார் வழக்கம். பத்தாம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக்கிய புண்ணியவதி சோழ அரசி செம்பியன் மாதேவி. கோயிலின் அருகே மணிமுத்தாறு ஓடுகிறது. மழைக்காலத்தில் நீராகவும் மற்றக் காலங்களில் பெரும்பாலும் மணலாகவும்.

"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்ற பேச்சை நேயர்கள் கேட்டிருப்பார்கள். அந்தக் கதைக்கு உரிய ஆறு இதுதான். சுந்தரமூர்த்தி சுவாமிகள் இங்கே பாடி 12,000 பொன் பெற்றார். இறைவன் கட்டளைப்படி அவ்வளவையும் இந்த ஆற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூருக்குப் போய்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். இதிலே பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. ஆற்றில் போடுமுன் மாதிரிக்காக ஒரு துண்டு பொன்னைச் சுவாமிகள் தம்மிடமே வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது! சுவாமிகள் விட்டுவிடவில்லை. மறுபடியும் பாடினார். மாற்று ஒத்துவந்த பிறகுதான் பொன்னை ஏற்றுக்கொண்டார். இறைவனிடத்திலும் கணக்கில் கண்டிப்பாயிருந்த பக்தர் அவர்.

நாம் வாழும் காலத்தில் இந்த அற்புதம் தினசரி நடக்கிறது. சென்னையில் ஒருவர் பாடுகிறார். அந்தப் பாட்டை மின்சாரம் என்னும் ஆற்றிலே போட்டுவிடுகிறார்கள். விருத்தாசலம் கடைவீதியிலே ஒரு தேநீர்க் கடைக்காரர் அதை எடுத்துக்கொள்கிறார். அற்புதத்துக்குக் குறைவில்லை. ஆனால் மாற்று ஒத்திருக்கிறதா என்று உரைத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை எழுப்ப விருத்தாசலத்தைப் போல் பொருத்தமான ஊர் வேறில்லை. காரணம், அதன் மண்.

விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசாங்க நிறுவனமும் இங்கே இருக்கின்றன. சூளைகளிலிருந்து கொலுப் பொம்மைகளும், கோப்பைகளும், மின்சாரச் சாமான்களும் வெளிவருகின்றன. வெள்ளைக் களிமண்ணோடு வேறு சில கல்மாவுகளையும் அளவாகச் சேர்த்துத் தண்ணீரில் கூழாகக் கரைக்கிறார்கள். அந்தக் கூழைப் பாரிஸ் சாந்து அச்சிலே ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்திலே ஓடு போல மண் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையாரோ, தவழும் கண்ணனோ, தலையாட்டிச் செட்டியாரோ இருப்பார். பிறகு உலர்த்தல், மெருகுப் பூச்சு, சூளை. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலே வெந்து வெளிவந்த பண்டத்தை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பண்டம் 'கிண்' என்று பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'மொத்' என்று முனகும். ஆக, சூளைக்காரருக்குக் கையும் கண்ணும் மட்டும் போதாது, காதும் வேண்டும். மானாமதுரைக் குயவர் கடத்தைத் தட்டிச் சுருதி பார்ப்பதும், இங்கே கோப்பையைத் தட்டி விரிசல் பார்ப்பதும் அக்காள் தங்கை போன்ற வித்தைகள்.

பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவேதான் மின்சாரத்தை எங்கே கட்டிப்போட வேண்டுமோ அங்கெல்லாம் பீங்கானைக் கொண்டு வந்து வைத்தார்கள். மின்கம்பத்தின் உச்சியிலே வெள்ளைத் தொப்பி போலிருப்பது பீங்கான். பழைய வீடுகளில் மீட்டர்ப் பெட்டியின் பக்கத்திலிருக்கும் பியூஸ் கட்டையும் பீங்கான். விருத்தாசலத்துச் சூளைகளில் பலவற்றுக்கு வெகு காலம் சோறு போட்டது இந்தப் பியூஸ் கட்டைதான்.

இதைவிட விசித்திரமான செய்தி ஒன்று உண்டு. விருத்தாசலத்திலிருந்து கடலூர்ப் பாதையிலே போனால் நெய்வேலி வருகிறது. அங்கே நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. அதை வெட்டி எரித்து மின்சாரம் எடுப்பதற்காக 1956இல் நெய்வேலி நிறுவனம் ஏற்பட்டது. நிலக்கரியை அடைவதற்கு மேலே மூடியிருக்கும் மண்ணையெல்லாம் அகற்ற வேண்டும். அப்படி அகற்றும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கானுக்கு ஏற்ற மண் அது. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் கரியும், மின்சாரத்தை அடக்கும் களிமண்ணும் ஒரே குழியிலே மேலும் கீழுமாகப் படுத்திருக்கின்றன! பூமாதேவி மருந்தையும் பத்தியத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

நெய்வேலிச் சுரங்கத்திலே மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனி தேசத்திலிருந்து வந்தவை. அந்த ஜெர்மனியிலே, ரைன் நதிக்கரையில் டுஸல்டார்ப் என்றொரு நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிரதேசமும் நிலக்கரியும் புகைபோக்கியும் நிறைந்ததுதான். அங்கே 1970இல் ரால்ப் ஹ்யூட்டர், புளோரியன் ஷ்னைடர் என்ற இரண்டு வாலிபர்கள் சேர்ந்து ஒரு சங்கீதக் குழுவை ஆரம்பித்தார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிராப்ட்வெர்க்'. ஜெர்மன் பாஷையில் அதற்கு 'மின்சார உற்பத்தி நிலையம்' என்று அர்த்தம். நெய்வேலிக்காரர் யாராவது ஒரு பஜனைக் கோஷ்டிக்கு 'அனல்மின் நிலையம்' என்று பெயர் வைத்தால் நாம் சிரிப்போமல்லவா? அங்கேயும் சிரித்திருப்பார்கள்.

ஆனால் சிரிப்பு அடங்கிவிட்டது. 1974இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் பெயர் 'ஆட்டோபான்', அதாவது நெடுஞ்சாலை. அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. மோட்டார் வண்டியில் நெடுஞ்சாலையிலே போகும் அநுபவம்தான் விஷயம். 1977இல் வந்த தட்டின் பெயர் 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்'. அது ஒரு ரயில் வண்டியின் பெயர்! மின்சாரக் கருவிகளால் தண்டவாளத் தாளத்தையே சங்கீதமாக்கியிருந்தார்கள். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, நியூயார்க் நகரத்து நீக்ரோ இளைஞர்கள் அந்த ரயில் மெட்டை எடுத்துத் தங்கள் தெருவுக்கு ஏற்ற ஆட்டப் பாட்டாக மாற்றிக்கொண்டார்கள். தங்கள் சங்கீதத்தைத் 'தொழிற்சாலைப் பிரதேசத்து நாட்டுப் பாடல்' என்று ஹ்யூட்டர் வர்ணிப்பதுண்டு. அந்த வார்த்தையில்தான் ரகசியம் இருக்கிறது. கருவி புதிது; ஆனால் அவர்கள் பாடியது தங்கள் ஊரை.

நம் தேசத்திலும் இந்த முயற்சி முன்பே நடந்தது. 1969இல் ஆமதாபாத் நகரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிலையத்தில் 'மூக்' என்னும் அமெரிக்க மின்னிசைக் கருவியை டேவிட் டியூடர் என்பவர் நிறுவினார். கீதா சாராபாய் முதலிய இந்தியர்கள் அதிலே இசை அமைத்தார்கள். மூன்று நான்கு வருஷங்களுக்குப் பிறகு முயற்சி ஓய்ந்தது. அந்த ஒலிநாடாக்கள் நிலையத்திலேயே உறங்கிக் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அறையை விட்டு வீதிக்கு வராத சங்கீதம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அரை நூற்றாண்டு உறங்க நேரிடும் என்பதற்கு இது திருஷ்டாந்தம்.

வீதிக்கு வந்த மின்னிசை நமக்குச் சினிமா வழியாக வந்தது. 1986இல் வெளியான 'புன்னகை மன்ன'னில் இளையராஜா மின்சாரக் கருவிகளுக்குப் பெரிய இடம் கொடுத்தார். 1992இல் 'ரோஜா'வுடன் அறிமுகமான ஏ. ஆர். ரஹ்மான், தம் வீட்டின் பின்புறத்து ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து தமிழ்நாட்டின் காதையே மாற்றிவிட்டார். அதன் பிறகு கேட்பானேன்? விருத்தாசலத்தைப் போன்ற ஊர்களிலே கல்யாணமானாலும் கோயில் திருவிழாவானாலும் மெல்லிசைக் குழு வருகிறது. விசைப்பலகை ஒன்றிலிருந்தே புல்லாங்குழல், பிடில், வீணை எல்லாம் புறப்படுகின்றன. தட்டையான பலகை ஒன்றைக் குச்சியால் தட்டினால் தவிலும் உறுமியும் பம்பையும் பேசுகின்றன. ஆற்றிலே போட்ட பொன் குளத்திலே வந்துவிட்டது.

மாற்று? இங்கேதான் நாம் இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மின்சாரத் தம்பூரா. பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1979இல் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். சென்னை மியூசிக் அகாடமி கூட்டிய வித்வான்களின் மகாநாட்டிலே அதைக் காட்டினார். கையடக்கமான பெட்டி, தந்தி இல்லை, குடம் இல்லை. ஆனால் 'ஸ ப ஸ' என்று நம்முடைய சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது தானாகப் பாடாது. பாடுகிறவர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அதற்குப் பிரயோஜனம். தம்பூரா வாங்கச் சக்தியில்லாத வீட்டுப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் அதன் துணையோடு சரளி வரிசை பாடியிருப்பார்கள்! (தம்பூரா போடும் தொழிலுக்கு அதனால் பிழைப்புக் குறைந்தது என்று யாராவது சொன்னால், அதையும் மறுப்பதற்கில்லை.)

மற்றொன்று, தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இருக்கும் மின்சார மேளம். மணி, முரசு, சேகண்டி எல்லாவற்றையும் ஒரு சட்டத்திலே மாட்டி மோட்டாரோடு பிணைத்திருப்பார்கள். தீபாராதனை வேளையில் விசையைத் தட்டினால் 'டண டண டண' என்று காது செவிடுபட முழங்கும். அதற்குத் தாளம் தெரியாது; காலை மாலை தெரியாது; தீபம் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்பதும் தெரியாது. ஆள் கிடைக்கவில்லை, சம்பளம் கொடுக்க முடியவில்லை என்று காரணம் சொல்லுகிறார்கள். வருமானமில்லாத சிறு கோயில்களுக்கு அது உண்மையான காரணமே. ஆனால் மேளக்காரர் நின்ற இடத்தில் மோட்டார் நிற்கும்போது, அந்த மேளக்காரரின் பிள்ளை எங்கே நின்று வித்தை கற்றுக்கொள்வான்?

இரண்டுக்கும் உயிர் ஒரே மின்சாரந்தான். நெய்வேலிக் கரி இரண்டுக்கும் பொது. முதலாவது கருவி மனிதனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. இரண்டாவது அவனை எழுந்து போகச் சொல்லுகிறது. மின்னிசை நல்லதா கெட்டதா என்று விவாதிக்கிறவர்கள் இந்த உரைகல்லை உபயோகித்துப் பார்க்கலாம். மெல்லிசைக் குழுவின் விசைப்பலகையும் இதற்கு விலக்கல்ல. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர் மணிமுத்தாற்றங்கரைத் தெருக்கூத்து மெட்டையும், நாற்சந்தி ரயிலின் தாளத்தையும், சூளையிலிருந்து வந்த பீங்கானின் 'கிண்' ஒலியையும் அதிலே ஏற்றினாரானால், டுஸல்டார்ப் வாலிபர்கள் செய்த காரியத்தை இவர் விருத்தாசலத்துக்குச் செய்தவராவார். வேறு யாரோ சென்னையில் செய்ததை இங்கே விசை தட்டி ஒலிக்க மட்டும் செய்தால், மோட்டார் மேளத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் கொஞ்சந்தான்.

பழைய ஊரில் புதிய சங்கீதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இவ்வூர் அம்மனே பதில் சொல்லியிருக்கிறாள். குரு நமசிவாயர் சிதம்பரம் போகும் வழியிலே பசியோடு இங்கே தங்கினார். பெரியநாயகியைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டார். அம்மன் கிழவியாகவே எதிரில் வந்து, "கிழவி என்று பாடினால் நான் எப்படி நடந்து வந்து சோறு போடுவேன்?" என்று கோபித்துக்கொண்டாளாம். அவர் இளமையாகப் பாட, இளம்பெண்ணாக வந்து அமுது படைத்தாள். இளைய நாயகி சந்நிதிக்குக் கதை இதுதான். பழமலையிலே குடியிருப்பவளுக்கும் தன்னைப் புதிதாகப் பாட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் அதற்காக அவள் வேறொருத்தியாக மாறிவிடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பீங்கான் தொழிலுக்கும் இப்போது ஒரு சோதனை. புது வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதிலாகத் தானே விழும் விசைகள் வந்துவிட்டன. பழைய சரக்கைத் தேடுவோர் குறைய, சூளைக்காரர்கள் வேறு பண்டங்களைத் தேட வேண்டியிருக்கிறது. மேளக்காரருக்கு வந்த கஷ்டந்தான் இவர்களுக்கும். மின்சாரத்தை அடக்கிய கைகளையே மின்சாரத்தின் புதிய சாமான் தள்ளிவிடுகிறது. விருத்தாசலம் போகிறவர்கள் ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு, நவராத்திரிக்கு நாலு பொம்மைகளும் வாங்கி வருவது நல்லது. வாங்குமுன் தட்டிப் பாருங்கள்.

பியூஸ் கட்டையினுள்ளே இருப்பது தலைமயிர் போன்ற ஒரு கம்பி. வீட்டுக்குத் தேவையான அளவு மின்சாரம் வரும்வரையில் அது பேசாமலிருக்கும். அளவு மீறினால் தான் உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றும். சங்கீதத்துக்கு அப்படியொரு கம்பியை எந்தச் சூளையும் செய்து கொடுக்க முடியாது. அதைக் கேட்கிறவர்களின் காதிலேதான் பொருத்திக்கொள்ள வேண்டும்.