வயலுக்குள் ஒரு பொட்டு

 

"இயற்கைக் காட்சி வரையுங்கோ" என்றால் எங்கட பிள்ளைகள் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைவார்கள். ஒட்டுசுட்டானில் மலை எங்கே இருக்கிறது? எங்களிடம் இருப்பது முத்தையன்கட்டுக் குளம், வயல், காடு.

இன்னொன்று: பல படங்களில் ஆட்களே இல்லை. சில பிள்ளைகளுக்கு முகம் வரைய வராது. எங்கட சில வீடுகளில், உருவம் வரையலாமா என்ற தயக்கம். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சித்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிலத்தோடு சேர்த்து மனிதரை வரைய முகம் கட்டாயமில்லை. பிரான்சில் குளோட் மொனே 1873இல் பொப்பிப் பூக்கள் நிறைந்த ஒரு வெளியை வரைந்தார. முன்னால் ஒரு பெண்ணும் சிறுவனும், மேட்டில் இன்னொரு சோடி. முகங்கள் தெளிவில்லை. ஆனாலும் புல்லுக்குள் அவர்கள் நடந்து வருவது தெரிகிறது. 1874இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வேறொரு படத்தில், தெருவில் நடக்கும் சனங்களை வெறும் கறுப்புத் தீற்றல்கள் என்று லூயி லெரோய் என்ற விமர்சகர் கேலி செய்தார். இன்று அந்தப் பாணியை, மனப்பதிவுவாதம் என்று உலகமே படிக்கிறது.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள். பின்னேரம் வயல் வரம்பில் நின்று பாருங்கள். சமதரை என்பதால், கிட்ட நிற்பவரின் தலையும் தூர நிற்பவரின் தலையும் ஏறக்குறைய அடிவானக் கோட்டிலேயே இருக்கும். தூரம் போகப் போக, படத்தில் கால்தான் மேலே ஏறும். முதலில் வானத்தையும் வயலையும் தீட்டுங்கள். காய்ந்த பிறகு தூரிகை நுனியால் தலைக்கு ஒரு பொட்டு, உடலுக்கு ஒரு தீற்றல். அருவி வெட்டுபவருக்கு வளைந்த முதுகு போதும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். நீலமும் ஊதாவும் கலந்து பாருங்கள்.

ஆளில்லாத வயல் எங்களுக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். 2009 யுத்தத்தில் தமிழ் உறவுகளும் இந்த வயல்களை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்து காடு வெட்டி, வரம்பு கட்டி விதைத்த மண் இது. அதை ஆளில்லாமல் வரைந்தால் படம் அரைவாசிதான்.

பிள்ளை வரைந்த வயலுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டால், "வடிவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். "இது ஆர்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை வாப்பா என்னும், மற்றது அப்பா என்னும்.